வலி போயிட்டு என்றார்

என் கணவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லுவார், கேட்டதற்குப் பதில் வருவதற்குள் சோறு ஆறிப்போகும். சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். அங்கே போனாலும் வாய் ஓயாது. நினைத்த நேரத்தில் கூப்பிட முடியாதே என்று, தோன்றும்போதெல்லாம் போனில் பேசிப் பதிவு செய்துவிடுவார். கப்பலில் இணையம் கிடைத்ததும் எல்லாம் மொத்தமாக என் வாட்ஸப்பில் வந்து விழும்.

தூத்துக்குடிக் கரையில் கப்பல்காரனைக் கட்டிய பெண்கள் பாதிப் பேருக்கு இதுதான் குடித்தனம். மீன் கழுவும்போது, துணி மடிக்கும்போது, ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு போகும்போது காதுக்குள் புருஷன் பேசிக்கொண்டிருப்பான். நான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருகிற ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கேட்பது என் வழக்கம். எதையும் அழிக்கமாட்டேன். அவர் ஊரில் இல்லாத மாதங்களில் ஒரே பதிவை இரண்டு மூன்று தடவைகூடக் கேட்டிருக்கிறேன். வெட்கமெல்லாம் இல்லை.

அன்றைக்கு வந்தது ஒரு மீன் குழம்புப் புகார். கப்பலில் சமைக்கிற தம்பி மணப்பாட்டுக்காரன். இவரை அண்ணன், அண்ணன் என்று சுற்றி வருகிறவன்; அண்ணன் பெண்டாட்டி என்பதால் நான் அவனுக்கு மைனி. "அந்தப் பய குழம்புல... புளியே... காணும் ஏளா" என்றார். ஏளா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். பதிவுதான் விட்டுவிட்டு ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே மறுபடி போட்டேன். பதிவில் கோளாறு என்றால் சத்தம் அறுந்துபோகும். இதில் சத்தம் அறவில்லை. நடுவில் காற்றை இழுக்கிற ஒலி இருந்தது. போன மாதத்துப் பதிவு ஒன்றைத் தேடிப் போட்டேன். அதில் ஒரு முழுக் கதையையும் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, கடைசியில் தானே சிரிக்கவும் செய்தார். டிபன் பாக்ஸை அப்படியே மூடிவைத்தேன்.

என்ன ஆச்சு என்று கேட்டால், ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். தோண்டிக் கேட்டபோது வலது விலாவில் வலி என்றார். மூச்சை இழுத்தால் ஊசி குத்துவதுபோல் இருக்கிறதாம். ஏதோ கனமான சாமானைத் தூக்கியதில் பிடித்திருக்கும் என்பது அவர் முடிவு. கப்பலில் டாக்டர் கிடையாது. மருந்துப் பெட்டி ஓர் அதிகாரியின் பொறுப்பில் இருக்கும். அவர் வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். நம் ஆட்களுக்குத் தலைக்குக் கீழே எங்கே வலித்தாலும் கேஸ்தானே.

கொஞ்ச நாளில் நல்ல சேதி வந்தது. "வலி போயிட்டு ஏளா. சுத்தமா போயிட்டு" என்றார். நான் மாதாவுக்கு நன்றி சொல்லி, அவருடைய அண்ணனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கடுத்து வந்த பதிவு என்னைப் படுத்தியது. வலி போனதாகச் சொன்னவருக்கு மூச்சு முன்னைவிடக் குட்டையாகியிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்றார். நோய் போகிறது என்றால் எல்லாம் சேர்ந்துதானே போகவேண்டும்? வலியை மட்டும் அனுப்பிவிட்டு மற்றது தங்கிவிடுமா? இதை யாரிடமும் கேட்கத் தெரியாமல் ஒரு வாரம் அரையும் குறையுமாக வேலை பார்த்தேன்.

கடைசியில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நெஞ்சு நோய் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். இருமுகிறவர்களுக்கு நடுவில் இருமாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். உள்ளே போனதும் நோயாளி எங்கே என்று கேட்டார். கப்பலில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவதற்குள் முந்திக்கொண்டு, பழைய பதிவை முதலிலும் புதியதை அடுத்தும் போட்டுவிட்டேன்.

அவர் போனை வாங்கிக் காதோடு வைத்துப் புதியதை இன்னொரு தடவை கேட்டார். அப்புறம் கேள்விகள் வந்தன. சாயங்காலம் உடம்பு காய்கிறதா, மெலிந்திருக்கிறாரா, எந்தப் பக்கம் படுக்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இப்போதெல்லாம் வலது பக்கம் படுத்தால்தான் தூக்கம் வருகிறது என்று அவர் ஒரு பதிவில் சொல்லியிருந்தார். வலித்த பக்கமே படுக்கிறாரே, அதனால் வலி போனது நிஜம்தான் போல என்று நான் சமாதானப்பட்டுக்கொண்ட விஷயம் அது.

"வலி எப்போ போச்சு?" என்று டாக்டர் குறுக்கே கேட்டார்.

சொன்னேன். அவர் முகம் மாறிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"நுரையீரலைச் சுத்தி ரெண்டு சவ்வு இருக்கும்மா. அதுல அழற்சி வந்தா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசும். அதான் மூச்சு இழுக்கும்போது குத்துறது. நடுவுல நீர் கோத்துக்கிட்டா ரெண்டும் விலகிடும். உரசல் நின்னுடும், வலியும் நின்னுடும். ஆனா அந்த நீர் நுரையீரலை விரிய விடாம அமுக்கும். அதனால வலி போனது எப்பவும் நல்லதுக்குன்னு எடுத்துக்க முடியாது." உடனே கையை உயர்த்தினார். "இதுதான்னு நான் சொல்லல. போன்ல வச்சு நோய் சொல்ல முடியாது. வேற எதுவா வேணா இருக்கலாம். ஆனா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். தள்ளிப்போடக் கூடாது."

இங்கே வந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதுகைத் தட்டிப் பார்ப்பேன் என்றார். மொட்டைமாடியில் இருக்கிற சின்டெக்ஸ் தொட்டியைத் தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரிதான். காற்று இருக்கிற இடத்தில் ஒரு சத்தம், நீர் இருக்கிற இடத்தில் வேறு சத்தம். தண்ணீர் வராத ஊரில் வாழ்கிற எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு விரலைப் படிய வைத்து அதன்மேல் இன்னொரு கை விரலால் தட்டவேண்டும் என்று என் கையிலேயே தட்டிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கணவரை வீடியோவில் பிடித்தேன். மனிதர் கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். சமையல்காரத் தம்பியைக் கூப்பிடச் சொல்லி, அவன் வந்ததும் அண்ணன் சட்டையைக் கழற்றச் சொன்னேன். எப்படித் தட்டவேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"என்னைய தவில் ஆக்கிட்டாடே" என்று இவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகப் போனது.

தம்பி இடது பக்கம் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தான். "டம்டம்முன்னு கேக்கு மைனி" என்றான். வலது பக்கம் தோளுக்குக் கீழேயும் அப்படித்தான் என்றான். இன்னும் இறங்கினான். விரல் நின்றுவிட்டது. மறுபடி இடது பக்கம் போய்த் தட்டிவிட்டு இங்கே வந்து தட்டினான். அவனுக்கு விளையாட்டுப் புத்தி போய்விட்டது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"இங்கன சத்தமே எழும்பல மைனி. அரிசி மூட்டையத் தட்டுன மாதிரி இருக்கு" என்றான்.

கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி இவர் சட்டையை எடுத்து மாட்டினார். பேசாமல் இருக்கத் தெரியாத மனுஷர் பொத்தானைப் போடுவதிலேயே குறியாக இருந்தார்.

அப்போதும் கேப்டனிடம் சொல்லமாட்டேன் என்றுதான் நின்றார். "ரெண்டு மாசந்தான ஏளா... இறங்குனதும்... பாத்துக்கிடலாம். இப்பச் சொன்னா... பாதியிலேயே இறக்கிருவான். அப்புறம் எவன்... கூப்பிடுவான்?" அவர் சொன்னதில் பொய் இல்லை. நோயாளியாகப் பாதிப் பயணத்தில் இறங்கியவனை அடுத்த கப்பலுக்குக் கூப்பிட யோசிப்பார்கள். வரிசையில் நிற்க இளவட்டங்கள் எத்தனையோ பேர். எங்கள் தெருவில் காய்ச்சலை மறைத்தவன், கை எலும்பு விரிசலை மறைத்து வேலை பார்த்தவன் எல்லோரும் இருக்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்லுவார்கள்.

அவருடைய அண்ணனிடம் போய் நின்றேன். ஆயுசெல்லாம் கப்பலில் கழித்தவர், அவர் சொன்னால் இவர் கேட்பார். அவர் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"கப்பல்காரன் பொண்டாட்டி கம்பெனிக்குப் போன் போட்டா அவன் சோலி முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். அவன் பொழப்பக் கெடுக்காத" என்றார்.

"எந்தச் சோலி முடியப்போவுதுன்னுதான் அத்தான் எனக்குப் பயம்" என்றேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும், வேலைக்கு ஆளெடுக்கிற மும்பை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எங்கள் வேலையில் கப்பல் கம்பெனிகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் என்பதால் எனக்குத் தயக்கம் கிடையாது. எடுத்தவர் தமிழ்தான். கணினியில் பார்த்துவிட்டு, அப்படி ஏதும் புகார் இல்லை, உங்கள் கணவர் நலமாக இருப்பதாகத்தான் பதிவு இருக்கிறது மேடம் என்றார்.

"அவர் சொல்லமாட்டார் சார். நீங்க கேப்டன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரை என்ஜின் அறையில இருந்து மேல வரைக்கும் ஏணி ஏறி வரச் சொல்லுங்க. வந்து நின்னதும் பேரையும் ஊரையும் கேளுங்க. சேர்த்துச் சொல்லிட்டாருன்னா நான் போன் பண்ணதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

எடுத்தவர் விவரம் எல்லாம் மறுபடி கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு பதிவும் வரவில்லை. போனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது. கோபமா, பேச முடியாத நிலையா என்று தெரியாததுதான் கொடுமை. மும்பைக்காரர்தான் கூப்பிட்டுச் சொன்னார். ஏணி ஏறி வந்தவர் ஊர்ப்பேரைச் சொல்லும் முன்பே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். வழியில் கொழும்புக்கு வெளியே கப்பலை நிறுத்திப் படகில் இறக்கப்போகிறோம் என்றார். கொழும்பு எங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம். ஆனால் நான் நினைத்த உடனே போய்விடவா முடியும்?

கொழும்பு ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தை, அங்கிருக்கும் கப்பல் ஏஜெண்டிடம் கேட்டுச் சமையல்காரத் தம்பிதான் வாங்கி அனுப்பினான். அதை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். இடது பக்கம் கறுப்பாக, விலா எலும்புகள் எண்ணும்படி தெளிவாக இருந்தது. வலது பக்கம் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. வெள்ளையின் மேல்விளிம்பு ஓரத்தில் வளைந்து ஏறியிருந்தது. நீர்தான், நிறைய இருக்கிறது என்றார். முன்னால் மேஜையில் சாய்ந்து உட்காரவைத்து, முதுகில் விலாவுக்கு நடுவே ஊசி விட்டு எடுப்பார்கள், பயப்படாதீர்கள் என்றார்.

"நீரை எடுத்தா முடிஞ்சிருமா டாக்டர்?"

"மூச்சு லேசாகும். ஆனா நீர் ஏன் வந்ததுன்னு பாக்கணும். இருதயக் கோளாறு, டி.பி., நிமோனியா, சில சமயம் புற்றுநோய். எடுத்த நீரைச் சோதிச்சாத்தான் தெரியும்."

கடைசிச் சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒன்றுதான் கேட்டது. என் கணவரின் அப்பா போனது அதில்தான். ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள், தெளிந்த மஞ்சளாக இருந்தது என்று கொழும்பிலிருந்து சேதி வந்தது. மஞ்சள் நல்லதா கெட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன். ரத்தமாகவோ சீழாகவோ இல்லையே, அதுவரைக்கும் நல்லது, மற்றதைச் சோதனைதான் சொல்லும் என்றார். முடிவு வரும்வரை அலுவலகத்தில் நான் போட்ட ஒவ்வொரு கணக்கும் தப்பு. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

டி.பி. என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட்டால் குணமாகும். டி.பி. என்று கேட்டு ஆட்டோவிலேயே வாய்விட்டு அழுது, சிரித்து, மாதாவைக் கும்பிட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே சொல்லாதே என்று அவருடைய அண்ணன் சொன்னார். நான் எனக்கும் சோதனை செய்துகொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தவர் என்னோடு பேசவில்லை. மாத்திரை, கஞ்சி, தூக்கம், சன்னல். குணமானதும் தகுதிச் சான்றிதழோடு வரட்டும், பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது இருவருக்கும் தெரியும். நான் செய்தது சரிதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் அந்த நிச்சயம் போதவில்லை.

ஒரு நாள் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு அவராகவே கேட்டார்.

"அந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான கண்டுபிடிச்ச?"

ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஒவ்வொண்ணையும் எத்தன தடவ பேசுனேன்னு உனக்குத் தெரியாது. இருமல் வந்தா அழிச்சிருவேன். மூச்சு முட்டுனா அழிச்சிருவேன். கட்டில் கம்பியப் பிடிச்சிக்கிட்டு உக்காந்து மறுபடி பேசுவேன். உனக்கு அனுப்புனது எல்லாம் நல்லா வந்தது மட்டும்தான் ஏளா."

நான் கேட்டுப் பயந்தது எதுவோ, அதுதான் அவரால் முடிந்ததிலேயே நல்லது. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளில் ஓங்கி அடித்தேன். அழுதுகொண்டே மறுபடியும் அடித்தேன். அவர் தடுக்கவே இல்லை.