சாம்பிராணி நேரத்தில் பேசாத தகடு

மேல் வீட்டுக்காரி ஏசியையும் ஓடவிட்டு ஜன்னலையும் தொறந்து போடுறாளாம்னு சிரிக்கிறியே மருமவளே, ரொம்பச் சிரிக்காதே. ஜன்னலைத் தொறந்து என் மவன் வேலைக்கே உலை வைக்கப் பாத்தவ நான். நீ அப்ப கல்யாணமாகி இந்த வூட்டுக்கு வரல. இந்த அரபு நாட்டுல மெட்ரோவுக்குத் தூண் நட்டு, நம்ம கராமா ஏரியா பூரா தூசியாக் கெடந்த வருஷம்.

மவனுக்கு அப்பவும் இதே விமானம் ரிப்பேர் பாக்குற ஷெட்டுலதான் வேலை. ஒரு நாள் பிஸ்கட்டு அளவுல ஒரு தகடு கொண்டாந்தான். சென்சாராம். ஒயரும் கெடையாது, பேட்டரியும் கெடையாது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் பட்டா தானே கரண்டு உண்டாக்கிக்கிட்டு, கம்ப்யூட்டருக்குக் காத்துலயே சேதி அனுப்புமாம். விமானத்துல கை நொழையாத எடத்துல ஒட்டிட்டா, அங்க விரிசல் விட்டாச் சொல்லிடுமாம்.

"பேட்டரி போட்டா என்னடா?"ன்னேன்.

"அது தீந்தா மாத்துறதுக்கு விமானத்தையே பிரிக்கணும் உம்மா."

நெசந்தான். நம்ம வூட்டுச் சுவத்துக் கடியாரத்துக்கு பேட்டரி மாத்தவே இவனைப் பெத்த வாப்பாவுக்கு ஒரு மாசம் ஆவும். நல்ல மனுசன், அல்லா அவங்களுக்கு சொர்க்கத்தைக் குடுக்கணும். எங்க விட்டேன்? ஆங், தகடு.

மேல பறக்கையில வெளிய குளிரு, உள்ள கதகதப்பு. நம்ம ஹால்ல வெளிய வெயிலு, உள்ள ஏசி. தகட்டுக்கு வித்தியாசம் இருந்தாப் போதுமாம். அதனால ஜன்னல் கண்ணாடியில ஒட்டிட்டான். ஒரு வாரம் சேதி விடாம வந்தா விமானத்துல வச்சுப் பாப்பாங்க. நடுவுல நின்னா அந்த வேலையே கலாஸ், முடிஞ்சுது, இவனுக்கும் ஊருக்கு டிக்கெட்டு. நானும் தெனம் அல்லாகிட்ட துவா கேட்டுக்கிட்டிருந்தேன்.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. வழக்கம் போல சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னதும் ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் தொறந்து, சாம்பிராணி போட்டேன். பொழுது அடைஞ்சு மஃரிபுக்குத்தான் மூடினேன். டூட்டி முடிஞ்சு வந்தவன் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு அப்படியே ஒக்காந்துட்டான். "நடுவுல செத்துப் போயிருக்கு உம்மா"ன்னான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. தகட்டைப் பிரிக்க ஸ்குரூ டிரைவரை எடுத்துட்டான். ஓடிப் போய்க் கையைப் புடிச்சேன்.

"மவனே, அதைப் பிரிக்காதே. நான்தான் சாம்பிராணிக்கு ஜன்னலைத் தொறந்தேன்."

"எப்ப? மணி என்ன?"

"எனக்கு மணி பாக்கத் தெரியுமாக்கும்? அஸர் பாங்குக்குத் தொறந்தேன், மஃரிப் பாங்குக்கு மூடினேன்."

ஓடிப் போய் பாங்கு நேரத்தைக் கம்ப்யூட்டரோட ஒத்துப் பாத்தான். ரூமு சூடாகி ரெண்டு பக்கமும் ஒண்ணானதும் தகடு வாயை மூடியிருக்கு. நான் ஜன்னலை அடைச்சு ஏசியைப் போட்டதும், யாரும் தொடாமலே திரும்பப் பேசியிருக்கு. அப்ப அது ரிப்பேரு இல்லையே! என்னைக் கட்டிக்கிட்டு அழுதுட்டான். ஒரு வார்த்தை திட்டல, மருமவளே. அந்த மாதிரிப் புள்ளையைக் குடுத்த ரப்புக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்?

மறுநாள் ஷெட்டுக்குப் போயி அவன் பெரிய மேனேஜர்கிட்ட ஒளிக்காமச் சொல்லிட்டான். அந்த வெள்ளைக்காரன் நம்பணுமே? "நாளைக்கும் உன் அம்மா அதே மாதிரி தொறக்கட்டும்"னுட்டான். எனக்கும் டூட்டி வந்துருச்சு பாத்துக்க! மறுநாளும் பாங்குக்குத் தொறந்து பாங்குக்கு மூடினேன். தகடு அதே மாதிரி தூங்கி அதே மாதிரி முழிச்சுது. அப்புறந்தான் விமானத்துல ஒட்டினாங்க. மவன் வேலையும் நிலைச்சுது, நானும் இங்க ஒன் பக்கத்துல ஒக்காந்து டீ குடிக்கிறேன். அந்த வெள்ளைக்காரனுக்கும் நான் துவா செய்யாத நாளில்ல.

ஆத்தாடி, பேச்சுல மறந்துட்டேன், இன்னிக்கும் வெள்ளிக்கிழமையில்ல? அடுப்புல கரி கனிஞ்சிருக்கும். இரு, ஏசியை நிறுத்திட்டு ஜன்னலைத் தொறக்கணும். மொதல்ல மவன் கண்ணாடியில புதுசா எதுவும் ஒட்டி வச்சிருக்கானான்னு பாத்துட்டு வந்துடுறேன்.