அண்ணன் பக்கத்திலிருந்து வந்த பிரின்ட்

நேற்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். மாடியிலிருந்து மகள் செல்போனில் எதையோ தட்டியிருக்கிறாள். பக்கத்தில் ஆளே இல்லாத பிரின்டர் கிர்ரென்று காகிதத்தை இழுத்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டு ஒரு பக்கம், சட்னி ஒரு பக்கம். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பேரில் தப்பில்லை, இரண்டாயிரத்து ஐந்தில் அவள் இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

அப்போது மரக்காணத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரே பிரின்டர். முன் அறையில் நான் கல்யாணப் பத்திரிகை, மனு எல்லாம் டைப் அடிப்பேன். பின் அறையில் அண்ணன் உப்பு லாரிகளுக்கு பில் போடுவார். பிரின்டர் என் கம்ப்யூட்டரில் யுஎஸ்பியில் செருகியிருக்கும். அவர் அறைக்கு ஒரு கேபிள் இழுத்து ஷேர் போட்டிருந்தோம். அவர் அங்கே அழுத்தினால் இங்கே காகிதம் வரும். உப்புக் காற்றில் யுஎஸ்பி முனையில் பச்சை பூத்துவிடும். அதை ரப்பரால் தேய்ப்பதை ஏதோ ஆபரேஷன் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு செய்வேன். அவ்வளவு அலட்டல் எனக்கு.

பிறகு பாகப்பிரிவினை வந்தது. எல்லாம் சுமுகமாகத்தான் முடிந்தது, ஒரு தென்னை மரத்தைத் தவிர. அது யார் பக்கம் என்பதில் வாய் தடித்து, பேச்சு நின்று, நடுவில் சுவரும் எழுந்தது. கேபிள் போகிற இடத்தில் கொத்தனார் கரண்டியோடு நின்றார். "ஓட்டைய அடைக்கவா, வுடவா?" என்றார். அண்ணன் ஒரு பக்கம் பார்த்தார், நான் ஒரு பக்கம் பார்த்தேன். கொத்தனார் விட்டுவிட்டார்.

ஆக, பேச்சு கிடையாது, பிரின்ட் மட்டும் உண்டு. அவர் பில் வந்தால் ஜன்னலில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிடுவேன், அண்ணி வந்து எடுத்துப் போவார். பேப்பர் தீர்ந்தால் அதே ஜன்னலில் ஒரு புதுக் கட்டு இருக்கும். ஒரு வருஷம் இப்படியே குடும்பம் நடத்தினோம்.

ஒருநாள் காலை, அண்ணி பிரம்மதேசத்தில் அவர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். நான் அவசரமாக ஒரு பத்திரிகை எடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் பில் ஒன்று வந்தது. திரும்ப அதே பில். மறுபடியும் அதே. பிரின்டர் தட்டு நிறைந்து தரையிலும் விழ ஆரம்பித்தது. வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. அத்தனையையும் அள்ளிக்கொண்டு, என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. அண்ணன் மேஜைக்கடியில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை அவருடையதே இல்லை என்பதுபோல் கிடந்தது. இடது கையில் மவுஸ். திரையில் அம்புக்குறி பிரின்ட் பொம்மையின் மேலேயே நிற்க, என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை அழுத்தினார்.

அள்ளி வந்ததையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டேன். "அண்ணா" என்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

பக்கத்து வீட்டு வேனில் போட்டுப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார். கை தானாக அழுத்தியதா, தெரிந்து அழுத்தினாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அண்ணிக்குச் சந்தேகமே இல்லை.

"சண்ட போடவாவது நீங்க வருவீங்கன்னு அவருக்குத் தெரியும் தம்பி."

அண்ணன் பிழைத்தார். கோல் ஊன்றி நடந்தார், இன்னும் ஏழு வருஷம் இருந்தார். தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன், தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அவருக்குத்தான் பேச்சு திரும்பவே இல்லை.

உப்பளத்தில் ஒரு வரப்பில் நின்று அவர் "டேய்" என்று கூப்பிட்டால், கோடியில் உப்பு வாருகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் குரலை ஒரு டேப்பிலும் பிடித்துவைக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.