அழிக்காமல் வைத்த கசெற்

டென்மார்க்கில் அகதிகளாக இருந்த எங்கள் ஆட்கள் குடும்பத்தை வரவழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களை அந்நாட்டு நீதி அமைச்சு கிடப்பில் போட்டிருந்த காலம். நான் அங்கே சில்க்போர்க் என்ற ஏரிக்கரை ஊரில் ஒரு தொழிற்சாலையில், மனைவி யாழ்ப்பாணத்தில். அவளை வரவழைக்கக் கொடுத்த விண்ணப்பத்துக்கு மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை. அவளால் வர முடியாது, என்னால் திரும்பிப் போக முடியாது. அந்த ஏரி அழகு என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும்.

கூட வேலை செய்த டேனிஷ்காரன் ஒருவனுக்கு அமெரிக்காவின் சின்ன இசைத்தட்டுக் கம்பனி ஒன்றின்மேல் பைத்தியம். சனிக்கிழமைகளில் என்னைக் காரில் தன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய், கோப்பி ஊற்றித் தந்து, அதன் வரலாற்றை ஆரம்பிப்பான். வானொலி திருத்துகிற ஒருவர் கடையின் பின்னறையில் தொடங்கியதாம். பெரிய கம்பனிகள் கதவைச் சாத்திய கறுப்பினப் பாடகர்களைக் கூப்பிட்டுப் பாட வைத்தாராம். தட்டுகளைக் காரில் அடுக்கி ஊர் ஊராக விற்றாராம். நான் டேனிஷ் பழகியதே அந்தக் கதையில்தான்.

ஒரு சனிக்கிழமை புதிதாக ஒன்று சொன்னான். ஆரம்பத்தில் அந்தக் கம்பனிக்கு ஒலிநாடா வாங்க வசதியில்லை. அதனால் எடுபடாத பாட்டுகளை அழித்து, அதன்மேலேயே அடுத்தவரைப் பதிவு செய்தார்களாம். பிற்காலத்தில் ஒரு பாடகியின் குரலைத் தேடிப் பெட்டியைத் திறந்தால், மேலே அவள் பெயர், உள்ளே வேறு யாரோ பாடுகிறார்கள்.

"என்ன மடத்தனம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

நான் கோப்பியைக் கீழே வைத்தேன். நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அவளுக்கும் எனக்கும் ஒரே கசெற்தான். அவள் பேசி அனுப்புவாள். நான் கேட்டுவிட்டு, அதன்மேலேயே என் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவேன். எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான். அதே கசெற் திரும்பிப் போனால், கேட்டாயிற்று என்று அர்த்தம்.

அடுத்த முறை அந்தக் கசெற் வந்தபோது நான் அதை அழிக்கவில்லை. அவள் வராமலே போய்விட்டால் எனக்கு மிஞ்சப்போவது இந்தக் குரல்தான் என்று பயந்தேன். அதை அலுமாரியில் வைத்துவிட்டு, புதிய கசெற் ஒன்றில் பேசி அனுப்பினேன். ஏன் புதியது என்று சொல்லவில்லை.

அவளுடைய பதில் அந்தப் புதிய கசெற்றில் வந்தது. "இஞ்சாருங்கோ, என்ரை கசெற் எங்கை? நான் கதைச்சதைக் கேக்காமலே ஆருக்கும் குடுத்திட்டீங்களோ? நான் இனி வேண்டாமெண்டால் நேரை சொல்லுங்கோ." பிறகு வெகுநேரம் வெறும் இரைச்சல். அவள் அழுதாளா, தெரியவில்லை.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், நீ வரமாட்டாய் என்று நினைத்துத்தான் உன் குரலை எடுத்து வைத்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் அங்கே அந்த ஒரு நம்பிக்கையில் இருக்கிறாள்.

அலுமாரியிலிருந்து பழைய கசெற்றை எடுத்தேன். கடைசியாக ஒருமுறை முழுவதும் கேட்டேன். ஆரம்பத்துக்குச் சுற்றி, பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"கேட்டனான்," என்றேன். "நீர் இஞ்சை வருவீர்."