இருபது கோல்

அன்று மனையில் இருந்தவர்கள் இவர்கள். அப்பா. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. துறைமுகத்தில் அவர்களுக்கு மேலாளான தண்டல். மேடை அடிக்க வந்த சீனத் தச்சர் ஒருவர், அவர் பேசி நான் கேட்டதில்லை. மேடைக் கூரைக்கு அத்தாப்பு ஓலை ஏற்றி வந்த மலாய்க்காரப் பெரியவர். அவருடைய மாடு. கடைசியாக நான். வயது எட்டு.

தண்ணீர்மலைக்குப் போகிற சாலையோரம் ஒரு செட்டியாரின் காலி மனை அது. ஜப்பான்காரன் வருவதற்கு ரொம்ப முன்னால். பினாங்கில் மழை விட்ட மாதங்களில் நாகப்பட்டினத்துக் கப்பலில் நாடகக்காரர்கள் வருவார்கள். இரண்டு மாதம் ஆடுவார்கள். கூரை மேடைக்கு மட்டும்தான். பார்க்கிறவர்களுக்கு வானம்.

மனையைச் சரிசெய்யத் தண்டல்தான் அப்பாவையும் சித்தப்பாவையும் கூட்டி வந்தார். லாலாங் புல்லை வெட்டினார்கள். பள்ளத்தில் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தார்கள். என் வேலை நடப்பது. வெறுங்காலோடு வரிசை வரிசையாக நடக்க வேண்டும். குத்துகிற இடத்தில் நின்று கத்துவேன். சித்தப்பா வந்து முள்ளையோ கண்ணாடித் துண்டையோ தோண்டி எடுப்பார்.

"சல்லடை வேணாம். நம்ம வீட்டுப் புள்ள காலே போதும்" என்று சிரிப்பார்.

மூன்று நாள் நடந்தேன். பாயில் உட்காருகிறவர்களுக்குக் குத்தக் கூடாது.

முன்னால் நாற்காலி. அதற்குப் பின்னால் பெஞ்சு. அதற்கும் பின்னால் பாய். பாய் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கயிறு. எங்கள் ஆட்களுக்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம். ஊரில் இருந்த வழக்கம் எங்களோடு கப்பல் ஏறி வந்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேடையிலிருந்து இருபது கோல் தள்ளிக் கயிறு கட்டச் சொல்லி உத்தரவு. கோல் என்றால் அப்பா உயரத்துக்கு வெட்டிய மூங்கில். இருபது கோலுக்குப் பிறகு ஒரு முழம் தரை. பிறகு வாய்க்கால்.

ஒரு முழத்தில் நிற்கலாம். உட்கார முடியாது.

அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைக் கேட்டாள். "நான் நாடகமே பாத்ததில்லைங்க. உக்காந்து பாக்க ஒரு எடம் கெடைச்சா போதும்."

மறுநாள் சித்தப்பாதான் தண்டலிடம் கேட்டார்.

"தண்டலே, கயித்த ரெண்டே ரெண்டு கோல் முன்னுக்குக் கட்டுங்களேன். பொம்பளைங்க உக்காரட்டும்."

"கயிறு என்னோடதா? மேல சொன்னத நான் செய்யறேன்லா. என் சோத்துல மண்ணப் போட்டுறாதடா."

அவர் சொன்னதும் பொய் இல்லை. அவருக்கும் ஐந்து பிள்ளைகள்.

நாலாம் நாள் காலையில் அளந்தார்கள். தண்டல் மரத்தடியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா மேடையிலிருந்து மூங்கிலைக் கிடத்திக் கிடத்தி வந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக எண்ணினார். நான் முளைக்குச்சிகளைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன்.

"பதினொண்ணு... பன்னெண்டு... பதினாலு..."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஆறு மாதம் போனவள். என் படிப்பே அவ்வளவுதான். அதில் நூறு வரை எண்ணக் கற்றிருந்தேன். ஆனால் பெரியவர்கள் எண்ணும்போது குறுக்கே பேசக் கூடாது. பொறுத்துக்கொண்டேன்.

"பதினஞ்சு... பதினாறு... பதினெட்டு..."

"அப்பா! பதினேழு எங்கப்பா? பதிமூணும் சொல்லல நீங்க! ரெண்டு விட்டுப்போச்சு!"

சித்தப்பா கையில் இருந்த மண்வெட்டி நின்றது. தண்டல் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"என்னடா, மூட்டை எண்ணுறவனுக்குப் பதினேழு மறந்துபோச்சா?"

"வெயிலுங்க தண்டலே. மண்டை சுத்துது" என்றார் அப்பா.

"இனிமே தோணிக்கு ஒம் மகள அனுப்பு. கெட்டிக்காரிலா இவ."

அப்பா மேடைக்குத் திரும்பிப் போனார். ஒன்றிலிருந்து அளந்தார். இந்தத் தடவை எதையும் விடவில்லை. வாய்க்காலுக்கு ஒரு முழம் இருக்கும்போது முளை அடித்தார். இரண்டே அடியில் முளை இறங்கிவிட்டது.

தண்டல் எனக்கு ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலை வாங்கித் தந்தார். நான் சித்தப்பாவுக்கு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா ஒனக்கு?" என்று என் காதைத் திருகினார்.

"விடுடா. புள்ள சரியாத்தானே சொன்னா" என்றார் அப்பா.

அப்பா தோணியில் நின்று நாள் முழுக்க அரிசி மூட்டை எண்ணுகிறவர். ஒன்று கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தபோது எனக்கே பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். அன்று எனக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவினாள். "கெட்டிக்காரி" என்று அவளும் சொன்னாள்.

முதல் ஆட்டத்துக்குப் போனோம். பொழுது சாய்ந்திருந்தது, விளக்கு ஏற்றிவிட்டார்கள். நாற்காலி நிறைந்தது. பெஞ்சு நிறைந்தது. பாயில் பின் வரிசைகள் இரண்டு காலியாகக் கிடந்தன. நாங்கள் கயிற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நின்றோம். நான் நடந்து பார்க்காத தரை அது. அம்மா ஒரு கையால் அப்பா தோளைப் பிடித்திருந்தாள். கால் மாற்றி மாற்றி நின்றாள். திரை தூக்கினார்கள், பாட்டுத் தொடங்கியது. ராஜா வேஷம் வருவதற்குள் அம்மா, "போதுங்க. பாத்தாச்சு" என்றாள். சித்தப்பா அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ராஜா வந்தார். கிரீடம் மின்னியது. அப்பா மேடையைப் பார்க்கவில்லை.

"கண்ணு, நம்ம பக்கம் எத்தனை பேரு நிக்கறாங்கன்னு எண்ணு பாப்போம்."

எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு தலையையும் விடாமல், சத்தமாக எண்ணிச் சொன்னேன்.

முப்பத்தேழு.