மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

லீவில் திண்டுக்கல் வந்திருக்கிறேன். போன வருடம் நடந்த ஒன்று இன்னும் பிடிபடவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் குடும்ப நாள் என்று ஒன்று வைத்தார்கள். வீட்டு ஆட்களைக் கூட்டி வந்து வேலை இடத்தைக் காட்டலாம். சோறு உண்டு. என் மனைவி அப்போது விசிட் விசாவில் வந்து, அங்கே குடியிருக்கும் என் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தாள். வரட்டுமே என்று நினைத்தேன்.

இன்னும் ரெண்டு வருடம் என்னை வைத்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா என்பது அந்த மாதம்தான் தெரிய வேண்டும். சொல்ல வேண்டியவர் எங்கள் சூப்பர்வைசர். சீனர். மகள் காலேஜில் சேர்ந்திருந்த நேரம். ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போக வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன்.

“நான் என்ன கூத்தா கட்டப் போறேன்?” என்றாள்.

அவளுக்கு மில் புதிதில்லை. வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் கோனில் நூல் சுத்துகிற வேலை. நானும் முன்னால் அங்கே இருந்தவன்தான்.

சுங்குடிச் சேலை கட்டி வந்தாள். வாசலில் தொப்பியும், முனையில் இரும்பு வைத்த பூட்ஸும் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்து அவளே சிரித்தாள்.

“போலீஸ்காரி மாதிரி இருக்கேனா?”

“பேசாம வா.”

உள்ளே போனதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மெஷின் ஒன்றும் ஓடவில்லை. முதல் நாளே எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருந்தோம். தூணுக்குத் தூண் பலூன், கலர்த் தாள். பிள்ளைகள் புதுத்துணியில் ஓடின. ஒருவர் தட்டில் மிட்டாய் வைத்துக் கொடுத்துக்கொண்டு போனார்.

ஊரில் நாங்கள் குடும்பத்தோடு மில்லுக்குள் போவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். அன்றைக்கு மெஷின் நிற்கும். நம் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பொரிகடலை வாங்கி வருவோம். எனக்கே அந்த ஞாபகம் வந்தது என்றால் அவளுக்கு வராதா?

“ஒங்க மெஷின் எது?”

காட்டினேன். தகடு வளைக்கிற பிரஸ். சுற்றிலும் தரையில் மஞ்சள் கோடு. வெளியே நின்று பார்க்கலாம், தாண்டக் கூடாது. அதைச் சொல்வதற்குள் கூட வேலை செய்கிற ஒருவர் கூப்பிட்டார். செத்த நேரம்தான் பேசினேன்.

திரும்பினால், கோட்டுக்கு வெளியே ரெண்டு பூட்ஸும் ஜோடியாக இருக்கின்றன. அவள் வெறுங்காலோடு உள்ளே நிற்கிறாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தாடிக்கொம்புக் கோயில் குங்குமத்தை மெஷினுக்கு வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள்.

“ஏ புள்ள, வெளிய வா!”

“இருங்க. கும்பிடுறப்பக் கூப்பிடாதீக.”

அதற்குள் சூப்பர்வைசர் ஓடி வந்துவிட்டார். அவள் காலைக் காட்டி “ஷூஸ்! ஷூஸ்!” என்று கத்தினார். அவள் அவர் காலைப் பார்த்தாள்.

“இவரு பாட்டுக்கு பூட்ஸோட வாராரு. கழட்டச் சொல்லுங்க” என்றாள் என்னிடம்.

பூட்ஸ் இல்லாமல் கோட்டைத் தாண்டியவனை வேலையை விட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். இவள் விருந்தாளி. இது யார் தலையில் விழும் என்று தெரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் சூப்பர்வைசர் ஆபீசுக்குள் கூப்பிட்டார். மனைவி வெளியே நின்றாள். அவர் கத்தவில்லை. ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டார். அது சோறு போடுகிற மெஷின், செருப்புக் காலோடு கிட்டப் போக மாட்டோம் என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

“அப்போ நீயும் கழற்றுவாயா? யாரும் பார்க்காதபோது?”

“இல்லை.”

“ஒரு தடவைகூட?”

“இல்லை.”

அது உண்மை. அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரெண்டு வருடம் என்று விரலைக் காட்டினார். போகச் சொன்னார்.

“என்ன கேட்டாரு?” என்றாள் மனைவி.

“மெஷின்கிட்ட நானும் பூட்ஸக் கழட்டுவேனான்னு.”

“என்ன சொன்னீக?”

“இல்லைன்னேன். ரெண்டு வருசம் குடுத்துட்டாரு.”

“நல்லவேள. வேலைக்காக ஒரு பொய் சொன்னா ஒண்ணும் ஆகாது.”

“பொய் இல்ல. நெசந்தான்.”

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

“ஒரு நாளும் கழட்டுனதில்லையா?”

“தகடு விழுந்தா கால் போயிரும்.”

“அதுக்கு? மொத நா மொதக்கொண்டு பூட்ஸ் காலோடயா அதுகிட்ட நின்னீக?”

பஸ்ஸில் மகளுக்குப் போன் போட்டு, “அப்பாவுக்கு வேலை நீட்டியாச்சு” என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். போனை வைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமா, வருத்தமா? எனக்கு எது? தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பொட்டை யாரோ துடைத்திருந்தார்கள். கோட்டுக்கு முன்னால் நின்றேன். கால் உள்ளே போகவில்லை.

“என்னண்ணே, மெஷின் ரிப்பேரா?” என்றான் பின்னால் வந்தவன்.

“இல்ல” என்றேன். உள்ளே போனேன். பூட்ஸோடுதான்.