ஊர் கட்டிய பட்டம் 'ரார்'

ஓலேசுண்ட் ஊரில் மீன் பொதியும் வேலை பார்த்த குன்வோர் செய்த மாபாதகம் ஒன்றுதான். பேருந்து காலியாக இருந்தாலும், தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மழை எப்ப விடும்?" என்று கேட்பாள். நார்வேயில் இது கொலைக்கு ஒரு படி கீழே.

ஊர் அவளுக்கு 'ரார்' என்று பட்டம் கட்டியது. கிறுக்கு என்று அர்த்தம். அவள் வீட்டைச் சொன்னால் அது 'ரார்ட்'. அவளையும் அவள் வளர்த்த பூனைகளையும் சேர்த்துச் சொன்னால் 'ராரே'. ஏசும்போதுகூட இலக்கணம் பிசகாத தங்கமான மனிதர்கள் நாங்கள்.

அந்தப் பேருந்தை ஓட்டிய சிக்ஸ்டன் ஸ்வீடன்காரன், மனைவியை இழந்தவன். குன்வோரின் வாய்க்கு ஈடுகொடுத்துப் பேசிய ஒரே ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்து, வாஃபிள் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி சீவி வைத்தான்.

"நீ ரொம்ப ரார், குன்வோர்" என்றான்.

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். ஊர் சொன்னால் உதறிவிடுவாள்; இவன் சொன்னது நெஞ்சில் தைத்தது. தனக்கென்று ஒருத்தன் கிடைத்தான் என்று நம்பியிருந்தாள். மறுநாள் முதல் வேலைக்கு மழையில் நடந்தே போனாள்.

எல்லாம் லத்தீன்காரர்கள் வைத்த வினை. 'ராருஸ்' என்று அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. அரிது என்று பொருள். அது வடக்கே வந்ததும், அரிதாகக் கிடைப்பது அருமையானது என்று டென்மார்க்கும் ஸ்வீடனும் எடுத்துக்கொண்டன. அரிதாகத் தென்படுவது கோணலாகத்தான் இருக்கும் என்று நாங்கள் முடிவுகட்டினோம். எங்கள் புத்தியைச் சொல்ல வேண்டுமா?

ஒருநாள் சிக்ஸ்டன் அவள் பக்கத்தில் பேருந்தை நிறுத்திக் கதவைத் திறந்தான்.

"ஏன் நடந்து சாகற?"

"கிறுக்கிக்கு பஸ் எதுக்கு?"

"யாரு சொன்னா அப்படி?"

"நீதான். வாஃபிள் போட்டுச் சொன்ன!"

"ஐயோ, எங்க ஊர்ல ரார்னா அன்பானவ, அருமையானவ!"

உள்ளே உட்கார்ந்திருந்த குன்வோரின் தம்பி மனைவி போர்கில் விடவில்லை. "அண்ணி, நம்பாதீங்க. பத்து வருஷத்துக்கு மேல இங்கயே கெடக்கறாரு, நம்ம ஊர் அர்த்தம் தெரியாதாமா?"

குன்வோரின் முகம் சுண்டிப்போனது. "தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்ப எந்த ஊர் அர்த்தத்துல சொன்ன?"

சிக்ஸ்டன் தொப்பியைக் கழற்றினான். "ரெண்டு ஊர் அர்த்தத்துலயும்தான். அதனாலதான உன்ன வீட்டுக்கே கூப்பிட்டேன்."

குன்வோர் படியேறினாள்.

"கதவச் சாத்து," என்றாள். "எல்லாரும் நனையறாங்க."