வாளி ஜுனைதீன் போட்ட பகல் லைட்

மாத்தளையில் இறங்கி ஜுனைதீன் என்று கேட்டால், எந்த ஜுனைதீன் என்று திருப்பிக் கேட்பார்கள். மிளகு வாங்கும் ஜுனைதீன் ஒருவர் இருக்கிறார், துணிக்கடை ஜுனைதீன் இன்னொருவர். வாளி ஜுனைதீன் என்று சொல்லிப் பாருங்கள். முச்சக்கரவண்டிக்காரர் மறுபேச்சுப் பேசாமல் இரத்தோட்டை வீதியில் ஒரு தகரக் கொட்டகைக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

கார், வேன், லொறி எதுவானாலும் அதன் வயர் வேலை ஜுனைதீனுடையது. வேலை முடிந்ததும் சொந்தக்காரரைப் பக்கத்தில் நிறுத்துவார். லைட்டை எரியவிடுவார். பிறகு ஒரு வாளி தண்ணீரைத் தூக்கி, தான் போட்ட இணைப்பின் மேலேயே சளார் என்று ஊற்றுவார். லைட் ஒரு தடவை கண் சிமிட்டினாலும் போச்சு, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து தொடங்குவார். புதிதாக வருகிறவர்கள் "ஐயோ, என்ன செய்றீங்க!" என்று பாய்ந்து கையைப் பிடிப்பார்கள். "மழை வாற நேரமும் இப்பிடிக் கையப் புடிச்சி நிப்பாட்டுவீங்களா?" என்று கேட்பார் மனுஷன். வாய் அப்படி.

இந்தப் பழக்கம் தம்புள்ளையில் தொற்றியது. இளவயதில் அங்கே மரக்கறி லொறிகளுக்கு லைட் பார்த்துக்கொண்டிருந்தார். வயரை முறுக்கி, டேப்பைச் சுற்றி அனுப்பிய லொறியெல்லாம் முதல் மழையிலேயே சாரதியின் வசவோடு திரும்பி வந்தது. ஏச்சுக் கேட்டுக் கேட்டு ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. அன்றிலிருந்து முறுக்கி டேப் சுற்றுவதை வேலை என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. ஈயம் வைத்துப் பற்ற வேண்டும், அதற்கு மேல் ரப்பர் உறை போட்டுச் சூடுகாட்டி இறுக்க வேண்டும். நுணுக்கமான பற்றுகளை வீட்டில் மனைவி முனவ்வரா வைத்துக் கொடுப்பாள். சோற்றுப் பானை ஒரு பக்கம், ஈயக்கோல் ஒரு பக்கம். "அவ வச்ச பத்து இழுத்தாலும் வராது," என்று ஜுனைதீன் ஊரெல்லாம் சொல்வார். அவள் காதுபட மட்டும் சொல்லமாட்டார்.

இத்தனை கெட்டிக்காரரிடம் ஒரு குறைகூட இல்லாமல் இருக்குமா? இருந்தது. தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய்க்குப் பிரேக் கிடையாது. விதுஷாவின் கார் விஷயத்தில் அந்த வாய்தான் அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

விதுஷா பொன்னுத்துரையின் ஒரே பிள்ளை. பொன்னுத்துரை அம்மன் கோயில் பக்கம் பூசைச் சாமான் கடை வைத்திருப்பவர். மகளுக்குப் பல்லேகமப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ரிவர்ஸ்டன் மலையேறி இறங்கித்தான் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் காலை முறைக்குப் போய்ச் சேர முடியாது என்று சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிக் கார் வாங்கியிருந்தாள். இரத்தோட்டையில் நல்ல வெயில் அடிக்கும். மேலே ஒரு வளைவு திரும்பினால் எதிரே ஒன்றும் தெரியாமல் பனி மூடிவிடும். பட்டப்பகலில் யாருக்கு லைட் போட ஞாபகம் வரும்? ஒரு நாள் அந்தப் பனிக்குள் வந்த பஸ், காரின் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து கார்ச் சாவி பொன்னுத்துரையின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

தகப்பனை ஜுனைதீனின் கொட்டகைக்கு இழுத்து வந்தவள் விதுஷாதான்.

"அங்கிள், சாவி போட்டதுமே தானா எரியிற பகல் லைட் இருக்காமே? அதப் போட்டா எனக்கு மறந்தாலும் பரவாயில்லதானே?"

"மறக்கிறதுக்கு மருந்தே அதுதான் புள்ள," என்றார் ஜுனைதீன்.

பொன்னுத்துரை விடவில்லை. "நானா, லைட்டு நின்னு போச்சுன்னா? பனிக்குள்ள எம்புள்ள யாரு கண்ணுக்குத் தெரியும்? வேலைய விட்டுருன்னு சொல்லிட்டேன். இவதான் கேக்க மாட்டேங்குறா."

இருவரில் யார் மூத்தவர் என்பது இன்னும் தீராத விஷயம். அவர் இவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானா என்பார், இவர் அவரை அண்ணே என்பார்.

"அண்ணே, நான் போட்ட லைட் நிக்கிறதா?" ஜுனைதீனுக்குச் சுருக்கென்றது. "ஒரு நாள் நின்னிச்சின்னா, நானே இந்தப் புள்ளட கையால சாவிய வாங்கி உங்கட சட்டப் பைக்குள்ள போடுறேன். அதுக்குப் பொறகு இவ கார் ஓட்டத் தேவல்ல. சரிதானே?"

கொட்டகைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள்ளிருந்து முனவ்வரா, "இந்தாங்க, வாய வச்சிக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்றாள். மனுஷன் கேட்டால்தானே! சொல் வெளியே வந்துவிட்டது. பொன்னுத்துரை அதை அப்படியே பிடித்துக்கொண்டு சாவியை மகளிடம் நீட்டினார்.

வேலை என்றால் அது வேலை. பெட்டரியிலிருந்து கிளம்பிய வயருக்கு, கிளம்பின இடத்திலேயே ஃபியூஸ் வைத்தார். அங்கிருந்து, மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேக்குக் கொண்டுபோனார். சாவி திரும்பும்போது மட்டும் உயிர் வரும் வயர் ஒன்றைத் தேடிப் பிடித்து ரிலேயோடு சேர்த்தார். சாவியை எடுத்தால் லைட் அணைய வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் பெட்டரி செத்துக் கிடக்கும். இரவில் பெரிய லைட் போட்டால் இது மங்க வேண்டும், எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தக் கூடாது. பம்பரில் பூட்டிய பகல் லைட்டின் இரண்டு வெள்ளைப் பட்டைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று எட்டி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார், கழற்றினார், மறுபடி பூட்டினார். கடைசியில் வாளி. தண்ணீர் வழிய வழிய லைட் அசையாமல் எரிந்தது. விதுஷா கைதட்டிவிட்டாள்.

ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அந்தக் கார் கொட்டகைக்கு வந்து நின்றது. பொன்னுத்துரை முன் சீட்டிலிருந்து இறங்கினார். முகம் இருண்டிருந்தது. விதுஷா சாவியை இறுக்கிப் பிடித்தபடி இறங்கினாள்.

முந்திய நாள் மலையுச்சிப் பனியில், லைட் எரிகிறது என்ற நம்பிக்கையில் அவள் போயிருக்கிறாள். எரியவே இல்லை. எதிரே வந்த வேன் மூக்குக்கு முன்னால் பிரேக் அடித்து நின்றிருக்கிறது. வேன்காரன் இறங்கி வந்து "லைட் நெத்த நங்கி?" என்று சிங்களத்தில் கத்தியிருக்கிறான். லைட் இல்லையா தங்கச்சி என்று அவன் கேட்ட அந்தக் கேள்வியை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

"நீங்க சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கா நானா?" என்றார் பொன்னுத்துரை.

ஜுனைதீனின் காது சிவந்தது. "இரிங்கண்ணே, பாப்போம்." பானட்டைத் திறந்தார். ஃபியூஸ் போயிருந்தது. சும்மா போகிற ஃபியூஸா அது? எங்கேயோ வயர் இரும்பில் பட்டு ஷோர்ட் ஆகியிருக்கிறது. "எவனோ என்ட வேலையில கை வச்சிருக்கான். ஆள் மட்டும் தெரியட்டும்!" என்று உறுமிக்கொண்டே பம்பருக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே தலையை விட்டார். உறுமல் நின்றுபோனது.

பம்பருக்குள் ஓர் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாய்களும் காய்ந்து தொங்கின. நூலில் கட்டவில்லை, கட்டுக்கம்பியில் கட்டியிருந்தது. கட்டுவதற்குப் பிடிமானம் தேடியவர், லைட் வயரையே லைட்டின் இரும்போடு சேர்த்துச் சுற்றி இறுக்கியிருந்தார். மலைப்பாதைக் குலுக்கலில் கம்பி வயரின் தோலை அறுத்து உள்ளே இறங்கிவிட்டது. கம்பியின் நுனியை மட்டும் யாரோ பொறுமையாக உள்ளே மடித்துவிட்டிருந்தார்கள். கார் கழுவும்போது மகளின் கையைக் கீறிவிடக் கூடாதே என்று ஒரு தகப்பன் போட்ட மடிப்பு. ஜுனைதீன் அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

படுத்தபடியே யோசித்தார். உள்ளதைப் போட்டு உடைத்தால் தன் பேர் தப்பும், சாவியும் பிள்ளையிடம் நிற்கும். ஆனால் இந்த மனுஷன் இனி எப்படித் தூங்குவான்? சொல்லாமல் விட்டால் பிள்ளையின் வேலை போகும். என்ன சோதனை இது, அல்லாஹ்!

எழுந்து வந்தார். கையைத் துடைத்தார். விதுஷாவிடம் கையை நீட்டினார். "சாவியத் தா மகள்."

அவள் சாவியை ஒரு தடவை பார்த்தாள். கொடுத்துவிட்டாள். ஜுனைதீன் அதைப் பொன்னுத்துரையின் சட்டைப் பைக்குள் தானே போட்டார்.

"சொன்ன சொல் சொல்தானே அண்ணே. தப்பு என்ட. உங்கட ஆக்கள் கார் வாங்கினா எலுமிச்சம்பழம் கட்டுவாங்க. இத்தன வருஷம் இந்த ஊர்ல இருந்துட்டு எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் கட்டுறதுக்கு எடம் வைக்கல்ல. லைட் நின்னா இவளுக்கு உள்ள தெரியிறதுக்கு ஒரு வழியும் வைக்கல்ல. இந்தப் பேச்சுப் பேசின நான்தான் யோசிச்சிருக்கணும்."

பொன்னுத்துரைக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்லக் குந்தி பம்பருக்குள் கையை விட்டார். விரல் அந்தக் கம்பியில் பட்டதும், தான் மடித்த நுனியைத் தடவிப் பார்த்தார்.

"நான் கட்டின கம்பி நானா இது."

"தெரியும்ண்ணே."

"நூலுல கட்டுனா மலைக் காத்துக்கு அறுந்து விழுந்துருது. ரெண்டு தடவ விழுந்துருச்சு. மனசுக்குச் சரியில்ல. அதான் கம்பில கட்டினேன்." கையை வெளியே எடுத்தார். "எம்புள்ள லைட்ட நானே அணைச்சிட்டேனே!"

"அணைச்சது ஃபியூஸ். அது போகாம இருந்தா வயர் பத்தி எரிஞ்சிருக்கும். காவலுக்கு நீங்க ஒண்ணு கட்டினீங்க, நான் ஒண்ணு வச்சேன். ரெண்டையும் ஒரே எடத்தில போட்டதுதான் பிழ. எழும்புங்க, பிளேன்டி குடிப்போம்."

முனவ்வரா தேநீரோடு புதிதாகப் பற்றிய வயரையும் கொண்டுவந்து வைத்தாள். ஜுனைதீன் பழைய வயரைக் கழற்றிப் போட்டார். வயருக்கு எட்டாத இடமாகப் பார்த்து பம்பரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கொக்கியைப் பூட்டினார். சாரதிக்கு முன்னால் ஒரு சின்னப் பச்சை லைட்டும் வைத்தார். வெளியே பட்டைகளுக்கு மின்சாரம் பாய்ந்தால்தான் உள்ளே பச்சை எரியும். அந்தக் கொக்கி பிறகு அவர் பழக்கமாகவே ஆகிவிட்டது. இன்றைக்கு அவரிடம் பகல் லைட் போட்ட எந்தக் காரிலும் அது இருக்கும். "எங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்கிறவர்களுக்கு, "காரை நாளைக்கு யாருக்கு விப்பீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு வெட்டு.

அன்றைக்குப் பொன்னுத்துரை கடைக்கு ஓடிப்போய்ப் புதிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வந்தார், இந்தத் தடவை தடித்த நூலில். கொக்கியில் மாட்டினார். ஜுனைதீன் வாளியை நிரப்பி அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே ஊத்துங்கண்ணே."

பொன்னுத்துரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். பாதி அவர் வேட்டியில். எலுமிச்சம்பழம் ஆடியது. லைட் ஆடவில்லை.

நனைந்த கையோடு அவர் சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்தார். வேட்டியில் துடைக்கப் பார்த்தார், அது அதைவிட ஈரம். அப்படியே மகளின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினார்.

"மொதல்ல அந்தப் பச்ச லைட்டப் பாரும்மா. அப்புறம் ரோட்டப் பாரு."

விதுஷா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பச்சை எரிந்தது.